தட்டினால் வருகிற சத்தம்

கானமேளா மேடையில் பேஸ் கிட்டார் நின்றுபோனால் கூட்டத்தில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. கீபோர்டு கேட்கும், தபலா கேட்கும், பாடுகிறவர் குரலும் கேட்கும். ஆனாலும் பாட்டு மெலிந்துவிடும். முன்னால் ஆடிக்கொண்டிருந்த பையன்களின் கால் தானாகத் தயங்கும். மேடையில் இருப்பவர்களுக்கோ அந்த நொடியே வயிறு கலங்கும்.

அகளிப் பக்கத்துக் குழு ஒன்றில் பேஸ் வாசிக்கிற தம்பி இந்தக் கலக்கத்தோடுதான் ஜீப்பில் ஆம்ப்பை ஏற்றிக்கொண்டு வந்தான். 15 இன்ச் ஸ்பீக்கரும் ஆம்ப்பும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற காம்போ. இரண்டு பேர் சேர்ந்தால்தான் இறக்க முடியும்.

"அண்ணா, பாட்டுக்கு நடுவுல சத்தம் சுத்தமா நின்னுருதுங்ணா. மேல ஓங்கி ஒரு தட்டு தட்டுனா வந்துருது."

"எப்போ இருந்து?"

"சிவராத்திரிக்கு வாசிச்சதுல இருந்து. அதுக்கு முந்தி கொறகொறன்னு மட்டும் இருந்துச்சுங்."

"ம்ம்முனு ஒரு எரைச்சலும் கூட வருதா?"

"வருதுங்ணா. தடிச்ச கம்பிய ஓங்கி இழுத்தா இன்னும் கூடுது."

இந்த நாலு வரியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. தட்டினால் சத்தம் வருகிறது என்றால் உள்ளே எதுவும் எரிந்துபோகவில்லை. எங்கோ ஒரு இணைப்பு தொட்டும் தொடாமலும் நிற்கிறது. கம்பியை ஓங்கி இழுத்தால் இரைச்சல் கூடுகிறது என்றால், பெட்டி அதிரும்போது இன்னொரு இணைப்பும் ஆடுகிறது. ஆக, கோளாறு ஒன்றல்ல, இரண்டாக இருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே காதாலும் கேள்வியாலும் இவ்வளவு தூரம் போக முடியும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் அதுதான்.

அந்த ஆம்ப்பை வைத்தே வரிசையாகச் சொல்கிறேன். கம்பெனிப் பெயர் இங்கே தேவையில்லை, எந்தக் கம்பெனி ஆம்ப்பிலும் வரக்கூடிய கோளாறுதான். இணையத்தில் இது பற்றி நிறைய இருக்கிறது. பெரும்பாலும் அமெரிக்காக்காரர்கள் எழுதியது. அவர்கள் கரண்ட் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்தக் கணக்கை அப்படியே நம்பினால் தவறான இடத்தில் தேடுவோம்.

இந்த மலையில் ஆம்ப் படும் பாடு

அகளி, புதூர், சோளையூர் மூன்று பஞ்சாயத்தும் சேர்ந்ததுதான் கேரளத்தின் அட்டப்பாடி. மேற்கே முக்காலிப் பக்கம் சைலன்ட் வேலி மழை. கிழக்கே ஆனைகட்டி நோக்கிப் போகப் போகக் காய்ந்த நிலம், செம்மண் புழுதி. ஒரே வாரத்தில் ஒரு ஆம்ப் இரண்டையும் பார்த்துவிடும். ஈரம் ஜாக்குகளின் உலோகத்தை மங்கவைக்கும், புழுதி அதன் மேல் படியும். மண்ணார்க்காட்டிலிருந்து வருகிற சுரத்தின் ஒவ்வொரு வளைவிலும் கனமான டிரான்ஸ்பார்மர் தன் ஸ்க்ரூக்களை இழுத்துப் பார்க்கும். துலாம் மாத இடி வேறு. இடி முழங்கும்போது பிளக்கைப் பிடுங்காமல் விட்ட ஆம்ப்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. இருளர் ஊர்களின் பொறை, தவில், கொகல், ஜால்ரா எதற்கும் கரண்ட் வேண்டியதில்லை. நக்குப்பதி ஊர் நஞ்சியம்மா 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடியதற்கு 2022ல் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, இந்த மலையின் குரல் எல்லாருக்கும் தெரிந்தது. செம்மண்ணூர் மல்லீஸ்வரன் கோயில் சிவராத்திரி, சர்ச் பெருநாள், கல்யாண வீடு, பள்ளி ஆண்டுவிழா என்று வருஷம் முழுக்க ஏதோ ஒரு மேடை இருக்கும். ஆனால் சவுண்டு செட் கெட்டால் சர்வீஸ் சென்டருக்குக் கோயம்புத்தூரோ பாலக்காடோ போக வேண்டும். வண்டி வாடகை, ஒரு நாள் கூலி, "பார்ட்ஸ் வரணும், அடுத்த வாரம் வாங்க" என்ற பதில். அதனால்தான் பல குழுக்கள் தட்டித் தட்டியே காலத்தை ஓட்டுகின்றன.

பேஸ் ஆம்ப்புக்கு மட்டும் ஏன் இந்தக் கஷ்டம்

நாலு கம்பி பேஸ் கிட்டாரில் தடிச்ச ஈ கம்பியைத் திறந்து வாசித்தால் நொடிக்கு 41 அதிர்வு. ஐந்து கம்பி பேஸில் பி கம்பி சுமார் 31. இவ்வளவு தாழ்ந்த ஒலியை மனிதக் காது சரியாக வாங்காது. நடு ஸ்தாயிக்கு இணையான சத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் தாழ் ஒலிக்குப் பல மடங்கு பலம் கொடுக்க வேண்டும். பிளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வரைபடமாக்கிவிட்டார்கள்.

லியோ ஃபெண்டர் 1951ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அது வந்ததும் சாதாரண கிட்டார் ஆம்ப் போதவில்லை. 1952ல் 15 இன்ச் ஸ்பீக்கர் வைத்து 'பேஸ்மேன்' என்ற தனி ஆம்ப்பே செய்ய வேண்டியதாயிற்று. 1969ல் ஆம்பெக் கம்பெனி 300 வாட் எஸ்.வி.டி.யைக் கொண்டுவந்தது. பெரிய மேடைக்கு அவ்வளவு பலம் தேவைப்பட்டது.

இந்தத் தாழ் ஒலியை செல்போன் ஸ்பீக்கரில் கேட்கவே முடியாது. இளையராஜாவுக்கு வாசித்த சசிதரனையும், ஏ.ஆர். ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸையும் போனில் கேட்கிறோமே என்றால், அங்கே கேட்பது அந்த ஸ்வரத்தின் மேல் அடுக்குகள்தான். அடியில் இருக்கிற ஒலியை மூளை தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. நல்ல பேஸ் ஆம்ப் முன்னால் நின்றால்தான் அது நெஞ்சுக்குள் இறங்கும்.

அந்த ஒலியை உண்டாக்கப் பெரிய கோன் முன்னும் பின்னும் நிறைய நகர வேண்டும். காம்போவில் போர்டும் அதே பெட்டிக்குள் இருப்பதால், வாசிக்கிற ஒவ்வொரு ஸ்வரமும் போர்டையும் உலுக்குகிறது. வருஷக் கணக்கில் உலுக்கினால் எது முதலில் விடும்? கனமான பாகங்களைத் தாங்கி நிற்கிற ஈயம். பேஸ் ஆம்ப் ரிப்பேரில் பாதிக்கு மேல் எரிந்த பாகத்தால் வருவதில்லை, விட்டுப்போன இணைப்பால் வருகிறது என்பது என் அனுபவம்.

பெட்டியைத் திறக்கும் முன்

முதலில் ஆம்ப்பைச் சந்தேகப்படக் கூடாது. கேபிளை மாற்றிப் பாருங்கள். கேபிளின் பின்னைக் கழற்றி உள்ளே பார்த்தால், மேலே நன்றாக இருந்தாலும் ஷீல்டு கம்பி ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்து வேறு கிட்டாரைக் கொடுத்துப் பாருங்கள். ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிளைச் செருகியே வைத்துவிட்டால் அது இரவெல்லாம் தீர்ந்துகொண்டே இருக்கும். தீரும் நிலையில் சத்தம் பிசிறடிக்கும், பிறகு அடங்கிவிடும். மல்டிமீட்டரில் 8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் புதுப் பேட்டரி போட்டுவிடுங்கள். ஆம்ப்பைத் திறந்து தேடிய எத்தனையோ பேருக்குக் கோளாறு இந்தப் பேட்டரியில்தான் இருந்தது.

தம்பியின் கிட்டார், கேபிள் இரண்டும் நன்றாக இருந்தன. அப்படியானால் கோளாறு ஆம்ப்புக்குள்.

தோட்டத்தில் நீளமாகக் குழாய் போட்டிருக்கிறோம், கடைசி வாழைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் நடு வால்வைத் திறந்து பார்ப்போம். அங்கே தண்ணீர் வந்தால் கோளாறு அதற்கு அப்பால், வராவிட்டால் இப்பால். ஆம்ப்பிலும் அப்படி ஒரு நடு வால்வு இருக்கிறது. பின்பக்கம் 'செண்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு ஜாக் இருக்கும். எஃபெக்ட்ஸ் பெட்டி மாட்டுவதற்காக வைத்தது. செண்டுக்கு முன்னால் இருப்பது ப்ரீஆம்ப்: வால்யூம், பேஸ், டிரெபிள் திருகுகள் எல்லாம் அங்கே. ரிட்டர்னுக்குப் பின்னால் பவர் ஆம்ப், அதன் பிறகு ஸ்பீக்கர்.

இந்த இரண்டு ஜாக்கையும் யாரும் பயன்படுத்துவதில்லை. அங்கேதான் வினை. எதுவும் செருகாதபோது, ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே இருக்கிற ஒரு சின்ன உலோகத் தகடு இன்னொரு தகட்டின் மேல் படிந்து, ப்ரீஆம்ப்பையும் பவர் ஆம்ப்பையும் இணைக்கிறது. வருஷக் கணக்கில் யாரும் தொடாத அந்தத் தகட்டில் ஈரமும் புழுதியும் சேர்ந்து கறை பிடிக்கும். சத்தம் முழுவதும் அந்தக் கறை வழியாகத்தான் போக வேண்டும். ஆம்ப்பின் மேல் தட்டினால் தகடு கொஞ்சம் நகர்ந்து சுத்தமான இடத்தைத் தொடும், சத்தம் வரும். அடுத்த பாட்டில் மறுபடி போய்விடும்.

சோதனை மிக எளிது. நல்ல கேபிள் ஒன்றை எடுத்து ஒரு முனையைச் செண்டிலும் மறு முனையை ரிட்டர்னிலும் செருகுங்கள். ஜாக்கின் உள்தகட்டைத் தாண்டி, கேபிள் வழியாகவே சத்தம் போய்விடும். நாங்கள் அப்படிச் செருகியதும் சத்தம் வந்தது. ஓங்கித் தட்டினாலும் போகவில்லை. முதல் கோளாறு கிடைத்துவிட்டது.

நடு மேடையில் சத்தம் நின்றால் இதையே அவசர வைத்தியமாகவும் செய்யலாம். ஒரு அடி நீளக் கேபிள் ஒன்று எப்போதும் ஆம்ப்போடு இருக்கட்டும். ஹெட்போன் ஜாக்கிலும் இதே மாதிரித் தகடு உண்டு. அதில் பின்னை நாலைந்து முறை செருகி எடுத்துப் பாருங்கள்.

இரைச்சல் எந்தச் சுருதியில் நிற்கிறது

சத்தம் வந்துவிட்டதே என்று பெட்டியை அங்கேயே மூடிவிடக் கூடாது. ம்ம்ம் என்ற இரைச்சல் இன்னும் போகவில்லை. ஆம்ப்பிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வால்யூமைக் குறைத்தால் இரைச்சலும் குறைகிறதா? குறைந்தால் அது வால்யூம் திருகுக்கு முன்னாலிருந்து வருகிறது: கிட்டார், கேபிள், இன்புட் ஜாக். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் குறையாவிட்டால் அதற்குப் பின்னால். பெரும்பாலும் பவர் சப்ளை. தம்பியின் ஆம்ப்பில் குறையவே இல்லை.

இரண்டாவது கேள்விக்கு பேஸ் கிட்டாரே மீட்டர். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். எர்த் கோளாறாலோ, டிரான்ஸ்பார்மர் பக்கத்திலிருந்து காந்த வழியாகவோ வருகிற ஹம் 50 ஹெர்ட்ஸில் இருக்கும். பவர் சப்ளையில் கரண்ட்டைச் சமன் செய்கிற பில்டர் கண்டென்சர் பழுதானால் ஹம் 100 ஹெர்ட்ஸில் வரும். ரெக்டிஃபயர், அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால் கணக்கு இரட்டிப்பாகிறது.

இப்போது கிட்டாரைச் சரியாக ட்யூன் பண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் ஜி ஸ்வரம், 49 ஹெர்ட்ஸ். மெல்லிய ஜி கம்பியைத் திறந்து வாசித்தால் 98 ஹெர்ட்ஸ். முதலாவது 50க்குப் பக்கம், இரண்டாவது 100க்குப் பக்கம். இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டையும் மெதுவாக மாற்றி மாற்றி வாசியுங்கள். எதனோடு இரைச்சல் ஒட்டுகிறதோ அதுதான் விடை. ஒட்டும்போது சத்தம் அலையலையாக ஏறி இறங்கும். 49ம் 50ம் கலந்தால் நொடிக்கு ஒரு ஏற்றம். 98ம் 100ம் கலந்தால் நொடிக்கு இரண்டு. ஸ்ருதி சேர்க்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம்.

லைன் கரண்ட்டில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். இந்திய மின்கட்டமைப்பில் அதிர்வெண்ணை 49.90க்கும் 50.05க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி, அதனால் நம்பலாம். ஜெனரேட்டரில் லோடு ஏற ஏற அது இறங்கிவிடும்.

தம்பி ஜி கம்பியைத் தொட்டான். ஸ்பீக்கரிலிருந்து வவ்-வவ்-வவ்-வவ் என்று நொடிக்கு இரண்டாக அலை எழுந்தது. "அண்ணா, இதுங்" என்று அவனே சொன்னான். பில்டர் கண்டென்சர் பக்கம்தான் கோளாறு. பெட்டியில் ஒரு ஸ்க்ரூவைக்கூட நாங்கள் இன்னும் கழற்றவில்லை.

திறந்த பிறகு

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பெரிய கண்டென்சர்கள் கரண்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். இந்த ஆம்ப்பில் ப்ளஸ் 45, மைனஸ் 45 வோல்ட். இரண்டு முனைக்கும் நடுவில் 90. 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் கால்களை இன்சுலேட் செய்து, கண்டென்சரின் இரு முனையிலும் சில நொடி வைத்து இறக்க வேண்டும். பிறகு மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பின்புதான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ணி இறக்குகிற பழக்கம் வேண்டாம், பொறி கண்ணில் தெறிக்கும்.

வால்வு ஆம்ப் என்றால் உள்ளே 400, 500 வோல்ட் டிசி. எடை குறைந்த புதுவகை ஆம்ப்களில் டிரான்ஸ்பார்மருக்குப் பதில் எஸ்.எம்.பி.எஸ். இருக்கும், அதில் 325 வோல்ட் வரை நிற்கும். இந்த இரண்டையும் பழகாதவர்கள் திறக்கவே கூடாது. வெளிச் சோதனைகளை முடித்துவிட்டு, கோளாறு எந்தப் பாதியில் என்று எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதுவே அவருக்குப் பெரிய உதவி.

போர்டைத் திருப்பி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, லென்ஸ் வழியாகப் பார்த்தோம். 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இரண்டு. இரண்டும் கட்டை விரலை விடத் தடிமன், போர்டின் மேல் நெட்டுக்குத்தாக நிற்பவை. ஒன்றின் கால்களைச் சுற்றி ஈயம் பளபளவென்று இருந்தது. இன்னொன்றின் ஒரு காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். ஈயம் சின்னக் கூம்பாக நிற்கிறது, கால் அதன் நடுவில் நிற்கிறது, இரண்டுக்கும் நடுவில் வட்டமாக ஒரு விரிசல். மேலிருந்து கண்டென்சரை விரலால் லேசாக அசைத்தால் அந்தக் கால் மட்டும் கூம்புக்குள் மேலும் கீழும் போய்வந்தது. மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்று சொல்வது இதைத்தான். தடிச்ச கம்பியை இழுக்கும்போதெல்லாம் இந்தக் கால் ஒரு நொடி விட்டுவிட்டுத் தொட்டிருக்கிறது. அதுதான் கூடுகிற இரைச்சல்.

இதன் மேல் கொஞ்சம் ஈயத்தை உருக்கி ஊற்றினால் சில மாதம் ஓடும், மறுபடி விடும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பிளக்ஸ் தடவி, புது ஈயத்தால் பத்தவைக்க வேண்டும். 2006ல் ஐரோப்பாவில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, ஏற்றுமதிப் போர்டுகள் பெரும்பாலும் காரீயம் இல்லாத சால்டரில் வருகின்றன. அது உருக 217 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கடையில் கிடைக்கிற 60/40 ஈயம் 190க்குள் உருகிவிடும். இரண்டும் கலந்தால் இணைப்பு உறுதியாக நிற்கும் என்று சொல்ல முடியாது. கண்டென்சர்களும் பழசுதான் என்பதால் இரண்டையும் 105 டிகிரி வகையில், அதே 63 வோல்ட்டில் புதிதாக மாற்றினோம். ப்ளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும், ஆகவே போர்டில் உள்ள குறியைப் பார்த்துப் போட வேண்டும். பத்தவைத்த பிறகு, அவை ஆடாமல் இருக்க இரண்டுக்கும் நடுவில் சிலிக்கான் பசை வைத்தோம். அதே கையோடு இன்புட் ஜாக், திருகுகள், டிரான்ஸ்பார்மர் வயர் எல்லா இணைப்பையும் லென்ஸில் பார்த்து, சந்தேகப்பட்டதையெல்லாம் புதிதாகப் பத்தவைத்தோம்.

ரிட்டர்ன் ஜாக்குக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னைப் பலமுறை செருகி எடுத்தோம். தேங்காய் எண்ணெய் விடுகிற ஆட்கள் உண்டு. அன்றைக்குச் சரியாகும், பிறகு புழுதியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். உப்புத்தாளும் போடக் கூடாது, தகட்டின் மேல் பூச்சு போய்விட்டால் கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

சீரிஸ் பல்பு

ரிப்பேர் முடிந்த ஆம்ப்பை நேரடியாகக் கரண்ட்டில் மாட்டுவது ஆபத்து. 100 வாட் பிலமென்ட் பல்பு ஒன்றை ஃபேஸ் வயரில் சீரிஸாகக் கொடுத்து ஒரு போர்டு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பை அதன் வழியாகப் போட்டால், கண்டென்சர் நிரம்பும்வரை பல்பு ஒரு நொடி மின்னி, பிறகு மங்கிவிடும். மங்கினால் நல்லது. மங்காமல் முழு வெளிச்சமாக எரிந்தால் உள்ளே ஷார்ட். எதுவும் கருகுவதற்கு முன் அணைத்துவிடலாம்.

எல்.இ.டி., சி.எஃப்.எல். இதற்கு உதவாது. பிலமென்ட் பல்புதான் வேண்டும், கேரளத்தில் அது கிடைப்பது கஷ்டம். 2020 பட்ஜெட்டில் கேரள அரசு, அந்த நவம்பரிலிருந்து பிலமென்ட் பல்பும் சி.எஃப்.எல்.லும் விற்கத் தடை என்று அறிவித்தது. கரண்ட் மிச்சத்துக்கு நல்ல முடிவுதான். கோயம்புத்தூர் போகிறவர்களிடம் சொல்லி இரண்டு பல்பு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பல்பு மங்கிய பிறகும் ஸ்பீக்கரை உடனே மாட்டவில்லை. ஸ்பீக்கர் போகிற வயரில் டிசி எவ்வளவு என்று அளந்தோம். 14 மில்லிவோல்ட். 50க்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிருக்கிறது, ஸ்பீக்கரை மாட்டிய நொடியே காயில் கருகிவிடும். தனியாகக் கழற்றி வைத்திருந்த ஸ்பீக்கரையும் பார்த்தோம். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.3 காட்டியது, அது சரியான அளவுதான். ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை ஒரு கணம் தொட்டால் கோன் 'தும்' என்று நகர வேண்டும், உரசும் சத்தம் வரக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தது. மாட்டி, தம்பியை ஈ கம்பியில் நெடுநேரம் வாசிக்கவைத்தோம். மேஜையில் இருந்த ஈயக் கம்பிச் சுருள் நகர்ந்து போனது. ஆம்ப்பிலிருந்து வேண்டாத ஒரு முனகல்கூட வரவில்லை.

எர்த் பின்னை வெட்டாதீர்கள்

இரைச்சல் வந்தால் பிளக்கின் மூன்றாவது பின்னை எடுத்துவிடச் சொல்கிற பழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஹம்முக்கு அது நிஜமாகவே பலனும் கொடுக்கும். அதனால்தான் இத்தனை வற்புறுத்திச் சொல்கிறேன்: செய்யாதீர்கள். கிட்டார்க் கம்பிகள் ஆம்ப்பின் உடம்போடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்ப்பில் லீக்கேஜ் வந்தால் கம்பி முழுக்கக் கரண்ட். கை கம்பியில், உதடு மைக்கில் பட்டால் உடம்பு வழியாகவே பாயும். 1972ல் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில், ரசிகர்கள் கண் முன்னால், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார்.

ஹம்முக்குச் சரியான வழி வேறு. மிக்ஸர், ஆம்ப், கீபோர்டு எல்லாவற்றுக்கும் கரண்ட்டை ஒரே இடத்திலிருந்து எடுங்கள். வெவ்வேறு மூலையிலிருந்து எடுத்தால் எர்த் வயர்களே ஒரு சுற்றாகி ஹம்மை வாங்கும். அப்படியும் வந்தால் ஆம்ப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் டி.ஐ. பாக்ஸ் போட்டு, அதிலுள்ள கிரவுண்டு லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்துங்கள். மேடைக்கான போர்டில் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. கட்டாயம் இருக்கட்டும். ஃபியூஸ் போனால் அதே அளவுதான் போட வேண்டும், சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றக் கூடாது. ஒருமுறைக்கு மேல் போனால் ஃபியூஸ் ஏதோ சொல்கிறது, அதைக் கேட்க வேண்டும்.

நம் கைக்குள் இருக்க வேண்டிய வித்தை

இந்த ஆம்ப்புக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். புதிதாக வாங்கினால் ஒரு கானமேளாக் குழுவின் சீசன் வருமானமே போய்விடும். இத்தனை வேலையில் மிகவும் கஷ்டமாக இருந்தது சர்க்யூட் படம் இல்லாததுதான். வால்வு காலத்தில் ஃபெண்டர் போன்ற கம்பெனிகள் படத்தை மறைக்கவில்லை. இன்று கேட்டால் "சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவாருங்கள்" என்ற பதில்தான் வருகிறது. ரிப்பேர் செய்யும் உரிமைக்கு மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பர் 24ல் இணையதளமும் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று தொடங்கிய அந்தப் பட்டியலில் இசைக் கருவிகளும் சேர வேண்டும். சர்க்யூட் படமும் பார்ட்ஸும் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு அது இன்னும் அவசரம்.

அதுவரை நாம் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இந்த வெளிச் சோதனைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு மல்டிமீட்டர், சின்னக் கேபிள் ஒன்று, கான்டாக்ட் கிளீனர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, சரியான அளவு ஃபியூஸ் நாலு இருந்தால் போதும். ஆம்ப்பின் பின்பக்கம் ஒரு தாளை ஒட்டி, எந்தத் தேதியில் என்ன சத்தம் வந்தது, எதைச் செய்தால் மாறியது என்று எழுதி வையுங்கள். தம்பியின் ஆம்ப்பில் நாங்கள் ஒட்டிவிட்டோம். கொறகொறப்பு முதன்முதலில் வந்த நாளிலேயே கொண்டுவந்திருந்தால் கிளீனரோடு போயிருக்கும் என்று அவனே சொன்னான். அடுத்த முறை யாராவது "தட்டுனா வந்துருதுங்" என்று சொன்னால், தட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். எங்கே தட்டினால் வருகிறது என்று கேளுங்கள். தேட வேண்டிய இடம் அந்தப் பதிலில் இருக்கிறது.